ஐஸ் கட்டி நடுவில் வெள்ளையாகிறது, உதவி தேவை (அவசரம்)

நன்னாரிக்கடை: வணக்கம். சர்பத் கடை போட்டு 2 மாதம் ஆகிறது. ஐஸ் நானே போடுகிறேன். ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி, நடுவில் மட்டும் பஞ்சு வைத்த மாதிரி வெள்ளை. "என்ன தண்ணி ஊத்துறீங்க?" என்று கேட்டு ஒருவர் நேற்று டம்ளரைத் தொடாமலே போய்விட்டார். காய்ச்சியும் பார்த்தாச்சு. ஞாயிற்றுக்கிழமை திருவிழாக் கூட்டம். என்ன செய்யலாம்?

மொட்டைமாடி: எந்தத் தண்ணீர்? எதில் ஊற்றி வைக்கிறீர்கள்? ஃப்ரிட்ஜா, டீப் ஃப்ரீசரா?

இரட்டைக்கொதி: ஒரு தடவை காய்ச்சினால் போதாது. கொதிக்கவிட்டு, ஆறவிட்டு, மறுபடி கொதிக்கவிடுங்கள். காற்று போய்விடும். சூடாகவே உள்ளே வையுங்கள், சீக்கிரமும் உறையும்.

அடர்த்தி4: பள்ளிக்கூடப் பாடம் இது, படித்துவிட்டுக் கேட்கலாம். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி. உறையும்போது மூலக்கூறுகள் அறுகோண அடுக்காக இடைவெளி விட்டு நிற்கும், கன அளவு ஏறக்குறைய 9 சதவீதம் கூடும். அந்த விரிவில் விழும் விரிசல்தான் வெள்ளை.

ஐஸ்கேன்: சார், 9 சதவீதம் சரி. ஆனால் ஓரமும் அதே அளவு விரிந்த ஐஸ்தானே? அது ஏன் தெளிவாக இருக்கிறது?

தம்பி, நான் ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தவன். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றையும் உப்பையும் ஐஸ் தன் அடுக்குக்குள் சேர்க்காது, உறையாத தண்ணீர்ப் பக்கம் தள்ளிக்கொண்டே போகும். எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் உறைந்தால் எல்லாம் போய் மாட்டுவது நடுவில்தான். ஒரு கட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நடுவை நோக்கி ஊசி ஊசியாகக் குமிழ் நிற்கும். பெரிய பாளம் போடும்போது கேனின் நடுவில் குழாய் விட்டுக் காற்று ஊதிக்கொண்டே இருப்போம். தண்ணீர் ஆடினால் குமிழ் ஒட்டாது. கடைசியில் நடுவில் நிற்கும் கலங்கல் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றுவோம்.

நன்னாரிக்கடை: வீட்டுத் தண்ணிதான். எவர்சில்வர் கிண்ணம். டீப் ஃப்ரீசர்.

மொட்டைமாடி: வீட்டுத் தண்ணீர் என்றால்? போரா?

நன்னாரிக்கடை: ஆமா, போர். ஐஸ் கரைந்த பிறகு டம்ளர் அடியில் மாவு மாதிரி ஏதோ நிற்கிறது.

மொட்டைமாடி: அது சுண்ணாம்பு உப்பு. காய்ச்சி, தெளியவிட்டு, வடிகட்டினால் ஓரளவு குறையும். இன்னொன்று, உறைந்தால் கிருமி செத்துவிடும் என்று நம்ப வேண்டாம், பல கிருமிகள் ஐஸிலும் பிழைத்திருக்கும். குடிக்கிற தண்ணீரில் மட்டும் ஐஸ் போடுங்கள்.

அடர்த்தி4: சுடுதண்ணீர் சீக்கிரம் உறையும் என்று மேலே எழுதியிருக்கிறது. தவறு. அதுவும் குளிர்ந்துதானே உறைய வேண்டும்?

இரட்டைக்கொதி: 1963இல் தான்சானியாவில் எராஸ்டோ ம்பெம்பா என்ற பள்ளி மாணவர் ஐஸ்கிரீம் செய்யும்போது கவனித்தது இது. வகுப்பில் சிரித்தார்கள். 1969இல் டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற பேராசிரியரோடு சேர்ந்து கட்டுரையே வந்தது.

அடர்த்தி4: 2016இல் பர்ரிட்ஜ், லிண்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அளந்து பார்த்து, உறுதியான சான்று இல்லை என்று எழுதினார்கள். வெப்பமானியை ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலே முடிவு மாறிவிடும்.

இரட்டைக்கொதி: எங்கள் வீட்டு ஃப்ரீசரில் நான் கண்ணால் பார்த்தது.

ஐஸ்கேன்: அதை அப்புறம் பேசுங்கள், அவருக்கு ஞாயிற்றுக்கிழமை கூட்டம். தம்பி, கொதிக்கிற தண்ணீரை அப்படியே உள்ளே வைக்காதீர்கள், மோட்டார் திணறும். புதுத் தெர்மாகோல் பெட்டிக்குள் பாத்திரத்தைக் கச்சிதமாக இறக்குங்கள். மூடி வேண்டாம். குளிர் மேலிருந்து மட்டும் இறங்கும், காற்றும் உப்பும் அடியில் போய்ச் சேரும். அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருக்கும்போதே வெளியே எடுத்து அதைக் கொட்டிவிடுங்கள். பொறுமை வேண்டும். 0 டிகிரி தண்ணீர் ஒரு கிராம் ஐஸாக 80 கலோரி வெப்பம் வெளியேற வேண்டும், அது போக ஒரே வழிதான்.

நன்னாரிக்கடை: கேன் தண்ணி ஊற்றி வைத்தேன். 20 மணி நேரம் ஆச்சு. மேலே நாலு விரல் கனம், கீழே வைத்த பேப்பரில் எழுத்து தெரிகிறது. அடியில் மட்டும் வெள்ளை. ஆனால் உடைக்கும்போது உள்ளே விரிசல் ஓடுகிறது?

ஐஸ்கேன்: எடுத்த உடனே தட்டாதீர்கள். மேலே பூத்திருக்கும் பனி போய் ஈரம் மினுங்கும்வரை வெளியே வையுங்கள், அப்புறம் ரம்பத்தில் கோடு கிழித்துத் தட்டுங்கள்.

நன்னாரிக்கடை: சரிண்ணே. நன்றி.