எஃப்டிஇசட் அடாப்டரில் 85ம் 80-200ம் ஆட்டோஃபோகஸ் ஆகவில்லை. உதவி தேவை

காவிரிக்கரை:

வணக்கம் நண்பர்களே. கும்பகோணம் பக்கம் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், பெரும்பாலும் கல்யாண வேலை. இதுவரை நிக்கான் டி750தான். அதற்கு 24-70 2.8ஜி, 50 1.8ஜி, 85 1.8டி, 80-200 2.8டி என்று நான்கு லென்ஸ். இப்போது நிக்கானின் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) இசட்6 டூ பாடி ஒன்று செகண்ட்ஹேண்டில் வாங்கியிருக்கிறேன், கூடவே பழைய லென்ஸ்களை அதில் மாட்டும் எஃப்டிஇசட் அடாப்டரும் வந்தது.

24-70ம் 50ம் மாட்டினால் பிரச்சினையே இல்லை, கண்ணைப் பிடித்து டக்கென்று ஃபோகஸ் ஆகிறது. 85ஐயோ 80-200ஐயோ மாட்டினால் ஷட்டரைப் பாதி அழுத்தும்போது லென்ஸ் அசையவே மாட்டேன் என்கிறது. எர்ரர் எதுவும் காட்டவில்லை. அப்பெர்ச்சர் மாறுகிறது, படம் விழுகிறது, ஃபோகஸை மட்டும் கையால் திருப்ப வேண்டியிருக்கிறது. காண்டாக்ட்டைத் துடைத்தாயிற்று, மெனுவில் ஃபோகஸ் மோடை மாற்றியும் பார்த்தாயிற்று. அதே லென்ஸ்கள் டி750இல் ஒழுங்காக ஓடுகின்றன.

அடாப்டர் பழுதா? புதிய ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) ஏற்றினால் சரியாகுமா? ஆவணியில் முகூர்த்தங்கள் வரிசையாக இருக்கின்றன. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய நிக்கான்காரன்:

தம்பி, லென்ஸும் நன்றாக இருக்கிறது, அடாப்டரும் நன்றாக இருக்கிறது. ஃபர்ம்வேரால் இது மாறாது.

85ஐக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பாடியோடு பொருந்தும் மவுன்ட் வளையத்தில், ஓரமாக, திருப்புளி வைக்கிற மாதிரி கோடு வெட்டிய சின்ன திருகுத் தலை ஒன்று தெரியும். அடுத்து டி750இன் மவுன்ட்டைப் பாருங்கள். அதே இடத்தில் திருப்புளி நுனி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். லென்ஸ் மாட்டியதும் அந்த நுனி இந்தத் தலைக்குள் உட்கார்ந்துவிடும். பாடிக்குள் இருக்கும் மோட்டார் அதைச் சுழற்றித்தான் லென்ஸை ஃபோகஸ் செய்கிறது. டி ரக லென்ஸ்கள் இரண்டுக்கும் சொந்த மோட்டார் கிடையாது.

இசட் பாடியில் அந்த மோட்டார் இல்லை, எஃப்டிஇசட்டுக்குள்ளும் நிக்கான் வைக்கவில்லை. அடாப்டருக்குள் இருப்பது அப்பெர்ச்சர் நெம்புகோலைத் தள்ளும் அமைப்பு மட்டும். அதனால்தான் உங்களுக்கு அப்பெர்ச்சர் மாறுகிறது, ஃபோகஸ் மாறவில்லை. 24-70ஜியும் 50ஜியும் ஏஎஃப்-எஸ் ரகம், மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. எஃப்டிஇசட் டூ வாங்கினாலும் இதே கதைதான். அதில் ட்ரைபாட் கால் எடுக்கப்பட்டு அடாப்டர் மெலிந்தது, மோட்டார் சேரவில்லை.

மற்றவர்களுக்கும் பயன்படும் என்று ஒரு சுலபமான வழி சொல்கிறேன். நிக்கானின் சொந்த லென்ஸ் ஒன்று டி3500, டி5600 மாதிரி சின்ன பாடியில் ஆட்டோஃபோகஸ் ஆனால், எஃப்டிஇசட்டிலும் ஆகும். அந்தப் பாடிகளிலும் மோட்டார் கிடையாது என்பதுதான் காரணம்.

ஒளிப்பெட்டி:

அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. பின்கதையையும் சேர்த்துக்கொள்ளலாம். அது தெரிந்தால் எந்த மவுன்ட்டில் எந்தப் பழைய லென்ஸ் பிழைக்கும் என்று நீங்களே கணித்துவிடலாம்.

நிக்கான் எஃப் மவுன்ட் 1959இல் வந்தது. ஆட்டோஃபோகஸ் வந்தபோது அதே மவுன்ட்டை வைத்துக்கொண்டு, 1986இல் எஃப்-501 கேமராவில் மோட்டாரைப் பாடிக்குள் வைத்தார்கள். பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் கைவிடப்படவில்லை, அது பெரிய விஷயம். கேனான் நேர் எதிராகப் போனது. 1987இல் பழைய எஃப்டி மவுன்ட்டை அப்படியே விட்டுவிட்டு இஎஃப் என்று புதிதாகத் தொடங்கியது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார், அப்பெர்ச்சரும் மின்சாரத்தில். அன்று கேனான்காரர்கள் கொதித்துப்போனார்கள். ஆனால் இன்று கேனானின் புதிய ஆர்எஃப் மவுன்ட் பாடியில் அடாப்டர் போட்டால் 1987இன் இஎஃப் லென்ஸ்கூட ஆட்டோஃபோகஸ் ஆகிறது.

சோனிக்கும் நிக்கானின் அதே சிக்கல் இருந்தது. மினோல்டா 1985இல் கொண்டுவந்து, பின்னர் சோனி கைக்கு வந்த ஏ மவுன்ட்டிலும் பாடி மோட்டார்தான். சோனி 2020இல் எல்ஏ-இஏ5 என்ற அடாப்டருக்குள் சின்ன மோட்டாரை வைத்து, சில பாடிகளுக்காவது அதைத் தீர்த்தது. நிக்கானும் செய்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எஃப் மவுன்ட் பாடிக்கும் இசட் பாடிக்கும் இடையே உள்ள ஆழ வித்தியாசம் (மவுன்ட்டிலிருந்து சென்சார் வரை) 30.5 மில்லிமீட்டர். அவ்வளவு நீளமான குழாயில் ஒரு மோட்டாருக்கு இடம் பார்த்திருக்கலாம். நம் ஊர் ஸ்டுடியோக்களில் 80-200டி எத்தனை இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஷட்டர் மணி:

நான் சொல்றது சிலருக்குப் பிடிக்காது. எல்லாத்தையும் வித்துட்டு சோனிக்கு வந்துடுங்க ப்ரோ. சோனி 2011லேயே அவங்க மிரர்லெஸ் இ மவுன்ட்டோட அடிப்படை விவரங்களை மத்த கம்பெனிகளுக்குக் காசு வாங்காம திறந்து விட்டுச்சு. அதனால டாம்ரான், சிக்மா, சாம்யாங்னு எது வேணுமோ அது கிடைக்கும், செகண்ட்ஹேண்ட்லயும் குவிஞ்சு கிடக்கு. வாடகைக்கு எடுக்கப் போனாலும் இ மவுன்ட்தான் முதல்ல கைக்கு வரும். கல்யாண வேலைக்கு இது ரொம்ப முக்கியம். காலையில லென்ஸ் கீழ விழுந்தா சாயங்காலம் ரிசப்ஷனுக்குள்ள மாத்து லென்ஸ் கிடைக்கணும்.

ஒளிப்பெட்டி:

மணி, வாடகை பற்றி நீங்கள் சொல்வது நியாயம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் கையில் நன்றாக ஓடும் 24-70ஐயும் 50ஐயும் செகண்ட்ஹேண்ட் விலைக்குத் தள்ளிவிட்டு, பாடியையும் மாற்றி, நான்கு லென்ஸையும் புதிதாகச் சேர்ப்பதென்றால் இவருக்கு எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். ஆட்டோஃபோகஸ் ஆகாதது இரண்டு லென்ஸ்தான்.

இசட் மவுன்ட்டும் 2018இல் இருந்த மாதிரி இல்லை. நிக்கான் அனுமதியோடு டாம்ரான் 2022இல் 70-300 கொண்டுவந்தது. அடுத்து 2023இல் 35-150 எஃப்2-2.8, 2024இல் 28-75 2.8 ஜி2. நிக்கானின் சொந்தப் பெயரிலேயே 28-75 2.8ம் 70-180 2.8ம் இருக்கின்றன. சிக்மா 2023இல் இசட்டுக்குக் கொடுத்த 16, 30, 56 மூன்றும் சின்ன சென்சாருக்கானவை, முழு ஃப்ரேம் இசட்6 டூவில் மாட்டினால் படத்தை வெட்டிவிடும். அவற்றை இவர் பார்க்க வேண்டாம்.

மூன்றாம் கம்பெனி லென்ஸ் விஷயத்தில் உண்மையில் கைகட்டி வைத்திருப்பது கேனான்தான். வில்ட்ராக்ஸ் தன் ஆர்எஃப் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களை 2022இல் நிறுத்த வேண்டி வந்தது. 2024இல்தான் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் கதவு திறந்தது, அதுவும் ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) லென்ஸ்களில் ஆரம்பித்தது.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. அந்தத் திருகுத் தலையைப் பார்த்துவிட்டேன், இரண்டிலும் இருக்கிறது. இப்போது கேள்வி வேறு. கையில் ஒரு லட்சம் வரை இருக்கிறது. 80-200க்கு மாற்றாக எதை எடுப்பது? 35-150 எல்லோரும் புகழ்கிறார்கள், ஆனால் அது பட்ஜெட்டைத் தாண்டுகிறது. டி750ஐ விற்றால் கொஞ்சம் சேரும்.

மங்கலம் படங்கள்:

டி750ஐ விற்காதீங்க தம்பி. இந்தப் பதில் அதற்காகவே எழுதுகிறேன். நான் மதுரைப் பக்கம் கல்யாண வேலை செய்கிறேன், என் கையிலும் இதே போல ஒரு டிஎஸ்எல்ஆரும் ஒரு இசட் பாடியும்தான்.

இந்த ஆவணிக்கு ஒரு ரூபாய் செலவில்லாத வழி உங்களிடமே இருக்கிறது. இசட்6 டூவில் 24-70, டி750இல் 80-200. இரண்டு பாடியும் தோளில். மேடையில் நின்று தாலி கட்டும் நேரத்தை எடுப்பது 24-70, மேடைக்குக் கீழேயிருந்து அம்மா அப்பா முகங்களைப் பிடிப்பது 80-200. இரண்டுக்கும் இஎன்-இஎல்15 வரிசை பேட்டரிதான், எஸ்டி கார்டும் இரண்டிலும் போகும். வண்ணம் மட்டும் ஒத்துப்போகாது. அதற்கு ஆட்டோ ஒயிட் பேலன்ஸை விட்டுவிட்டு, மண்டப விளக்கைப் பார்த்து இரண்டிலும் ஒரே கெல்வின் எண்ணை வையுங்கள். எடிட்டிங்கில் பாதி வேலை குறையும்.

எந்த பாடி எங்கே என்பதற்கும் காரணம் இருக்கிறது. கெட்டிமேளம் கொட்டியதும் நூறு கைகள் மேலே எழும்பி அட்சதை பறக்கும், ஓமப்புகை வேறு. அந்த நேரத்தில் சென்டர் பாயின்ட்டை நம்பினால் முன்னால் வரும் கைக்கு ஃபோகஸ் ஓடிவிடும். முகத்தைத் தேடிப் பிடிக்கிற இசட் பாடி அங்கே பெரும்பாலும் மணமகளை விடாது. எப்போதும் விடாது என்று சொல்ல மாட்டேன், மாப்பிள்ளையின் தலைப்பாகை குறுக்கே வந்தால் அதுவும் தடுமாறும். அதனால் அந்த நிமிடத்தில் வரிசையாகப் பல ஃப்ரேம் எடுத்துவிடுங்கள்.

இனி வாங்குவது பற்றி. முதலில் பழைய 85 1.8ஜி ஒன்று செகண்ட்ஹேண்டில் தேடுங்கள். 350 கிராம், ஏஎஃப்-எஸ், எஃப்டிஇசட்டில் அருமையாக ஓடும். டிஎஸ்எல்ஆரில் 85 போட்டால் முன்னால் பின்னால் ஃபோகஸ் விழும் தொல்லை இருக்கும், ஃபைன்ட்யூன் செய்தே சலித்துப்போகும். மிரர்லெஸ்ஸில் ஃபோகஸைக் கணக்கிடுவது சென்சாரே என்பதால் அந்தத் தொல்லை போய்விடுகிறது. என்னிடம் 1.8இல் எடுத்த கண்ணிமை முடிகள் எண்ணும்படி வந்தது இசட் பாடிக்கு மாறிய பிறகுதான்.

நீள லென்ஸுக்கு இரண்டு வழி. ஒன்று, பழைய ஏஎஃப்-எஸ் 70-200 விஆர் டூ. 2009இல் வந்தது, 1540 கிராம், கட்டுமானம் இரும்பு மாதிரி உறுதி. ஒரே குறை, கிட்டத்தில் ஃபோகஸ் செய்தால் 200 என்பது உண்மையில் 135க்குப் பக்கமாகச் சுருங்கிவிடும். தூரத்து முகத்துக்குப் பிரச்சினை இல்லை, மருதாணிக் கையை நெருக்கமாக எடுக்கும்போது தெரியும். இன்னொன்று, இசட் 70-180 2.8. வெறும் 795 கிராம், அடாப்டரும் வேண்டாம். லென்ஸில் விஆர் (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் அமைப்பு) கிடையாது, ஆனால் உங்கள் பாடிக்குள்ளேயே ஸ்டெபிலைசர் இருக்கிறது. நாள் முழுக்கத் தோளில் சுமக்கிறவள் என்ற முறையில் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். டி750இலும் மாட்ட வேண்டும் என்றால் முதலாவது. இசட் லென்ஸ் எஃப் பாடியில் ஏறவே ஏறாது.

35-150 நல்ல லென்ஸ், மறுப்பில்லை. ஆனால் 1190 கிராம் நாள் முழுக்க ஒரே பாடியில் தொங்கும். அது ஒன்று பழுதானால் உங்கள் அகலமும் நீளமும் சேர்ந்து போகும். ஸ்டுடியோவுக்கு இரண்டாவது பாடியும் லென்ஸும் நிலையான பிறகு அதை வாங்குங்கள்.

தாமிரபரணி கிளிக்ஸ்:

இடையில் ஒரு கேள்வி. என்னிடம் டி7200ம் டோக்கினா 11-16 2.8ம் இருக்கிறது. இசட்50 வாங்கினால் அது ஓடுமா?

பழைய நிக்கான்காரன்:

எந்த 11-16 என்பதைப் பொறுத்தது. முதலில் வந்ததில் மோட்டார் இல்லை, உங்கள் டி7200இன் மோட்டாரில் ஓடுகிறது. இரண்டாம் பதிப்பில் நிக்கானுக்கென்று மோட்டாரை உள்ளே வைத்தார்கள். பின்னால் திருகுத் தலை இருந்தால் இசட்50இல் கையால்தான் ஃபோகஸ். அவ்வளவு அகலமான லென்ஸில் அது பெரிய கஷ்டமில்லை.

மோட்டார் இருக்கிறது என்பதற்காக வேறு கம்பெனி லென்ஸ்களைக் கண்ணை மூடி நம்பவும் வேண்டாம். சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் சிலவற்றுக்கு ஃபர்ம்வேர் ஏற்றினால்தான் எஃப்டிஇசட்டில் சரியாக ஓடும். அதை ஏற்றும் கருவி சிக்மாவுக்கு யூஎஸ்பி டாக், டாம்ரானுக்கு டாப்-இன் கன்சோல். அந்த டாக்கை ஏற்காத மிகப் பழைய லென்ஸ் என்றால், உங்கள் பாடியில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

ஷட்டர் மணி:

சோனி லென்ஸை இசட்ல மாட்டுற அடாப்டர் இருக்கே, அது யாரும் சொல்லலையே?

ஒளிப்பெட்டி:

இருக்கிறது. இசட்டின் ஆழம் 16 மில்லிமீட்டர், இ மவுன்ட்டின் ஆழம் 18. நடுவில் உள்ள 2 மில்லிமீட்டரில்தான் அந்த அடாப்டர் உட்கார்கிறது, ஆட்டோஃபோகஸும் ஆகும். டெக்ஆர்ட், மெகாடேப் இரண்டும் செய்கின்றன. ஆனால் இரண்டு மில்லிமீட்டர் தகட்டை நம்பி ஒரு கிலோ லென்ஸைத் தொங்கவிட்டுக் கூட்டத்துக்குள் போக நான் சம்மதிக்க மாட்டேன். வீட்டில் இருக்கும் சின்ன இ லென்ஸைப் பயன்படுத்த நல்ல வழி, முகூர்த்தத்துக்கு வேண்டாம்.

மங்கலம் படங்கள்:

செகண்ட்ஹேண்ட் 85ஜியோ 70-200ஓ பார்க்கப் போகும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மொபைல் டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால் ஃபங்கஸ். நாகை, கடலூர் பக்கத்திலிருந்து வரும் லென்ஸில் கட்டாயம் பாருங்கள். நாலு தூசு தெரிந்தால் பரவாயில்லை, அது படத்தில் தெரியாது. அப்பெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கக் கூடாது. பிறகு அமைதியான இடத்தில் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் மாறி மாறி ஃபோகஸ் செய்து காதில் கேளுங்கள். ஏஎஃப்-எஸ் லென்ஸின் மோட்டார் வயதானால் கீச்சென்று சத்தம் வரும். சத்தம் வந்தால் விலை குறைத்தாலும் வேண்டாம், மோட்டார் மாற்றும் செலவு உங்கள் தலையில் விழும்.

காவிரிக்கரை:

அக்கா, மிக்க நன்றி. டி750 என்னிடமே இருக்கும். இந்த மாதம் நீங்கள் சொன்ன மாதிரி இரண்டு பாடியோடு போகிறேன். 85ஜி ஒன்று தஞ்சாவூரில் பார்த்து வைத்திருக்கிறேன், டார்ச்சோடு போவேன். 70-180ஐ ஒரு ரிசப்ஷனுக்கு வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.

கடைசியாக ஒன்று. 85ஜி கிடைக்கும்வரை பழைய 85டியை இசட்டில் கையால் ஃபோகஸ் செய்து எடுக்கலாமா? பெண்ணைத் தனியாக உட்கார வைத்து எடுக்கும் போர்ட்ரெய்ட்டுக்கு மட்டும்.

பழைய நிக்கான்காரன்:

தாராளமாக. உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அது போதும். அப்பெர்ச்சர் வளையத்தை 16இல், அந்த ஆரஞ்சு நிற எண்ணில், வைத்துப் பூட்டிவிடுங்கள், மாற்றுவதெல்லாம் பாடியின் டயலில். ஃபோகஸ் பாயின்ட்டைக் கண்ணின் மேல் வைத்து வளையத்தை மெதுவாகத் திருப்பினால், சரியான இடத்தில் அந்தக் கட்டம் பச்சையாகும். 1.8இல் பச்சையை மட்டும் நம்பாமல் ஒருமுறை ஜூம் பட்டனை அழுத்தி இமையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். பீக்கிங்கையும் (ஃபோகஸான ஓரங்களை வண்ணத்தில் காட்டுவது) போடலாம், ஆனால் பட்டுப்புடவை ஜரிகையில் அது எல்லா இடத்திலும் மின்னும், குழப்பும். அணைத்தே வையுங்கள்.