தவக்கால ஒறுத்தல்: தேயிலை மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் எதை விடலாம், எவ்வளவு விடலாம்?

மறைக்கல்வி டீச்சர் (ஹட்டன்):
தோட்டத்துப் பெற்றோருக்குத் தவக்கால வகுப்பு எடுக்க இருக்கிறேன். கொழுந்து எடுக்கிற பெண்கள் பலர் நாற்பது நாளும் காலை ரொட்டியை விட்டுவிடுகிறார்கள். பத்து மணிக்கெல்லாம் கண் இருட்டி உட்கார்ந்துவிடுகிறார்கள். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான். வேண்டாம் என்றால், "ஆண்டவர் எனக்காக உயிரையே கொடுத்தார், நான் ஒரு ரொட்டியை விடக்கூடாதா?" என்று கேட்கிறார்கள். திருச்சபை உண்மையில் எவ்வளவு கேட்கிறது? ஒறுத்தல் எப்போது பலியாகிறது?

உபதேசியார் (பண்டாரவளை):
டீச்சர், நம் ஆட்கள் நினைப்பதைவிடச் சட்டம் மிகவும் சிறியது. ஒருசந்தி என்கிற நோன்பு கடமையான நாட்கள் வருடத்தில் இரண்டுதான்: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. அதுவும் 18 வயது நிறைந்ததிலிருந்து 59 நிறையும் வரை. இறைச்சியை விடுகிற சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. மற்ற நாட்களில் ஒருசந்தி பிடிப்பது அவரவர் விருப்பம். திருநீற்றுப் புதனிலிருந்து பாஸ்காவுக்கு, அதாவது உயிர்ப்புப் பெருவிழாவுக்கு, முந்திய நாள் வரை 46 நாள் வரும். ஞாயிறு ஆறையும் கழித்துத்தான் நாற்பது, ஆகவே ஞாயிற்றுக்கிழமை வயிறாரச் சாப்பிடச் சொல்லுங்கள்.

ஒருசந்தி என்றால் முழுப் பட்டினி அல்ல. 1966இல் பாப்பரசர் ஆறாம் பவுல் வகுத்தபடி ஒரு முழுச் சாப்பாடு, அதோடு காலையிலும் மாலையிலும் கொஞ்சம் சாப்பிடலாம். தண்ணீர் குடித்தால் ஒருசந்தி முறியாது. திருநீற்றுப் புதன் வேலை நாளாக இருப்பதால் காலையில் ஒரு ரொட்டி, பகலில் முழுச் சோறு, இரவில் கொஞ்சம் என்று வைத்துக்கொண்டால் சட்டமும் நிறைவேறும், மலையும் ஏறலாம். அதுவும் முடியாதவர்கள் பங்குச்சுவாமியிடம் கேட்கட்டும். விலக்குக் கொடுக்கவும் வேறு பக்திச் செயலாக மாற்றவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

இறைச்சிக்குப் பதில் விலை கூடிய மீன் வாங்கிப் பொரித்தால் சட்டப்படி பிழை இல்லை. ஆனால் விட்டது என்ன?

லெந்து வாசகன் (நுவரெலியா):
நாங்கள் மெதடிஸ்த சபை. எங்களுக்குக் கட்டாயச் சட்டம் கிடையாது, ஆனாலும் எங்கள் சபையைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி புதனும் வெள்ளியும் பிற்பகல் மூன்று மணி வரை உபவாசிப்பதை வலியுறுத்தினார்.

அந்தத் தாய்மாரின் கேள்விக்கு வருகிறேன். எபிரெயர் 10:10இன்படி பாவத்துக்கான பலி ஒரேதரம் செலுத்தியாயிற்று. அது நாம் ரொட்டியை விட்டு அடைக்கிற கடன் அல்ல. 13:15-16 நம்மிடம் கேட்கும் பலி துதியும், நன்மை செய்வதும், பகிர்ந்து கொடுப்பதும்.

அளவைப் பற்றி லேவியராகமம் 5ஐ வகுப்பில் வாசியுங்கள். பாவநிவாரண பலிக்கு ஆடு. வசதி இல்லையென்றால் இரண்டு காட்டுப்புறா அல்லது புறாக்குஞ்சு. அதற்கும் வழியில்லாதவன் எப்பா என்ற அந்தக்கால அளவில் பத்தில் ஒரு பங்கு மா கொண்டுவந்தால் போதும், ஏறக்குறைய இரண்டு லீட்டர். எண்ணெயும் தூபவர்க்கமும்கூட வேண்டாம். ஏழைக்காகக் கர்த்தரே அளவை இறக்கியிருக்க, நாம் ஏன் ஏற்ற வேண்டும்?

இன்னொன்று, எனக்கு முக்கியமாகப் படுவது. தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் "கொர்பான்" என்று காணிக்கையாக்கியவர்களை மாற்கு 7இல் இயேசு கண்டிக்கிறார். அரைப்பேரால் குறைகிற சம்பளம் பிள்ளைகளின் சோறு. அதைத் தாய் தன் பலியாகச் செலுத்த முடியாது.

நேர்ஸ் அக்கா (தலவாக்கலை):
சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ கிளிக்லசைட் குளிசையோ எடுப்பவர்கள் மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டை விடவே கூடாது. வியர்வை, கை நடுக்கம், கண் இருட்டல் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் சாப்பாட்டை விட வேண்டாம்.

தேத்தண்ணியை விடுகிறவர்களுக்கு அடுத்த நாள் தலையிடி வரும். ஒரேயடியாக நிறுத்தாமல் ஒரு வாரம் முன்பிருந்தே ஒவ்வொரு கோப்பையாகக் குறைக்கலாம். தேத்தண்ணியை வைத்துக்கொண்டு சீனியை மட்டும் விடுவது இன்னும் நல்லது.

மறைக்கல்வி டீச்சர்:
மிகவும் நன்றி. ஆண்கள் சாராயத்தை விட்டுவிட்டுப் பாஸ்கா அன்று சேர்த்துக் குடிக்கிறார்களே?

நேர்ஸ் அக்கா:
நாள் தவறாமல் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம். உயிருக்கே ஆபத்து. விடட்டும், ஆனால் முதலில் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு விடட்டும்.

உபதேசியார்:
டீச்சர், மிச்சம் பிடித்த காசு வீட்டிலேயே கிடந்தால் பாஸ்கா அன்று சாராயக் கடைக்குத்தான் போகும். எசாயா 58 சொல்கிற நோன்பு பசித்தவனோடு உணவைப் பகிர்வது. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது குருவானவரான புனித யோசப் வாஸ் ஊரை விட்டுப் போகாமல் நோயாளிகளைப் பராமரித்தார். தன் சுகத்தை அவர் விட்டார், அது அந்த நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அப்படிச் சேரும்போதுதான் ஒறுத்தல் பலியாகிறது.

ஆகவே யாருக்கு என்று திருநீற்றுப் புதனுக்கு முன்பே வீட்டில் பேசி முடிவெடுக்கச் சொல்லுங்கள்: பக்கத்து லயத்துப் பிள்ளையின் கொப்பி, கிளினிக் போகிற பாட்டியின் பஸ் காசு. உண்டியலைக் கடைசி வரை வைத்திருந்தால் மாசக் கடைசியில் அரிசிக்காக உடைபடும், அதைக் குறை சொல்லவும் முடியாது. சனிக்கிழமைதோறும் எடுத்துக் கொடுத்துவிடுவதே நல்லது, கொடுத்தது யார் என்று வாங்குகிறவருக்குத் தெரியாமல், மத்தேயு 6 சொல்கிறபடி.