கிடாருக்கு ஃபுல் ரேஞ்ச் பாக்ஸ்: வாங்கியவர்கள் அனுபவம் சொல்லுங்க

கோத்தகிரியிலிருந்து:

மாடலர் (ஆம்ப், கேபினட் சத்தங்களை டிஜிட்டலாகப் போலச் செய்யும் கருவி) வாங்கிட்டேன், எந்த பாக்ஸ் எடுக்கலாம்னு கேட்கிற தம்பிகளுக்காக எழுதுகிறேன்.

கிடார் கேபினட்டில் இருக்கிற 12 இன்ச் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வாயே திறக்காது. டிஸ்டார்ஷனின் கரகரப்பை அதுவே வடிகட்டிவிடும். ஃபுல் ரேஞ்ச் பாக்ஸில் பாஸுக்கான ஊஃபரோடு ட்ரெபிளுக்கான ஹார்னும் உண்டு. நாம் அனுப்புவது எல்லாம் அப்படியே வெளியே வரும். அதனால் மாடலரில் கேப் சிம் (கிடார் கேபினட் மாதிரியே சத்தத்தை வடிகட்டும் வசதி) ஆனில் இருக்கணும். இல்லையென்றால் தகரக் கொட்டகைக்குள் குளவி புகுந்த மாதிரிதான்.

கோயம்புத்தூரில் ஒரு கடையில் 8 இன்ச், 12 இன்ச் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். மெதுவாக வைத்தபோது எட்டு இன்ச்தான் தெளிவாக இருந்தது, விலையும் குறைவு. "அண்ணா, ட்ரம்ஸோட வாசிக்கணும், கொஞ்சம் ஏத்துங்க" என்றேன். ஏற்றிவிட்டு ஆறாவது கம்பியை உள்ளங்கையால் அமுக்கி அடித்தால், சத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டர் பிடித்து ஒவ்வொரு அடியும் நசுங்குகிறது. அந்தக் கம்பி 82 ஹெர்ட்ஸ். சின்ன கோன் அதற்கு ரொம்பப் பாடுபடணும். பன்னிரண்டு இன்ச் அசரவே இல்லை. அதையே எடுத்தேன்.

அட்டையில் போட்டிருக்கும் 2,000 வாட்ஸைப் பார்த்து மயங்காதீங்க. பல பாக்ஸ்களில் அது பீக் கணக்கு, ஒரு கணம் மட்டும் எட்டும் உச்சம். வாட்ஸ் இரண்டு மடங்கானாலும் கூடுவது 3 டெசிபல்தான். அதிகபட்ச எஸ்பிஎல் (டெசிபலில் சொல்லும் சத்த அளவு) எவ்வளவு என்று கேளுங்க.

முக்கியமான ஒன்று. ராத்திரி ஹெட்போனில் செதுக்கிய பேட்ச் (மாடலரில் சேமிக்கும் சவுண்ட் செட்டிங்) மேடையில் கத்தும். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு பாஸும் ட்ரெபிளும் கம்மியாகவே கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம் இது. அதனால் ராத்திரி இரண்டையும் கூட்டி வைத்துவிடுவோம். மேடைச் சத்தத்தில் வைத்தே பேட்ச் போடுங்க. ஹை கட் ஃபில்டரை (உச்ச ட்ரெபிளை வெட்டுவது) 6,000 ஹெர்ட்ஸ் பக்கம் இறக்கினால் எனக்குப் போதுமாக இருக்கிறது.

குன்னூரிலிருந்து:

அண்ணா, நான் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு சர்ச் ஹாலில் வாசித்தேன். பாக்ஸைத் தரையில், சுவரை ஒட்டி வைத்ததும் பாஸ் குமுறியது, பாடுகிறவர்கள் குரலே எடுபடவில்லை. ஸ்டாண்டில் ஏற்றி, சுவரை விட்டுத் தள்ளினேன். ஒரு நாப் தொடாமலே தெளிந்தது. ஹார்னும் காது உயரத்துக்கு வந்ததால் கடைசி பெஞ்ச் வரை ஒரே மாதிரி கேட்டது என்றார்கள்.

ஊட்டியிலிருந்து:

தம்பிகளா, நான் வால்வ் ஆம்ப் (கண்ணாடிக் குழாய் போட்ட ஆம்ப்ளிஃபையர்) ஆள். ஃபுல் ரேஞ்சில் வருவது மைக் வைத்துப் பதிவு செய்த கேபினட்டின் சத்தம்; கேப் சிம்மிலேயே அந்த மைக்கும் சேர்ந்திருக்கிறது. பக்கத்தில் நிற்கும் கேபினட் தொடையில் காற்றாய் வந்து மோதுமே, அது வேற. அந்த உணர்வுதான் வேணும்னா கிடார் கேபினட்டையே வாங்குங்க, கேப் சிம்மை ஆஃப் பண்ணுங்க. ஆனால் நாலு ஸ்பீக்கர் கேபினட் 30 கிலோவைத் தாண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏற்றிக் கொண்டுவந்தவன் சொல்கிறேன், வாரா வாரம் நிகழ்ச்சி இருந்தால் கோத்தகிரி தம்பி வழியே நல்லது.

ஒரு எச்சரிக்கை: வால்வ் ஆம்பின் ஸ்பீக்கர் அவுட்டைப் பவர்டு (உள்ளேயே ஆம்ப் இருக்கும்) பாக்ஸின் இன்புட்டில் சொருகவே சொருகாதீங்க. ஆம்பின் பவரைத் தானே தாங்கிக்கொள்ளும் லோட் பாக்ஸ் நடுவில் இல்லாவிட்டால் இரண்டில் ஒன்று புகைந்துவிடும்.