வைட்பேண்ட் (அகலப்பட்டை) ஆண்டெனா: ஹாம் (அமெச்சூர்), வணிக ரேடியோ இரண்டுக்கும் ஒன்றே போதுமா?

செம்புக்கம்பி:
பெட்டியில் '25 முதல் 1300 மெகாஹெர்ட்ஸ்' என்று போட்டிருந்தால் அது கேட்பதற்கான கணக்கு. எந்தெந்தப் பட்டையில் டிரான்ஸ்மிட் செய்யலாம் என்பது கையேட்டுக்குள் பொடி எழுத்தில் இருக்கும், அதை முதலில் தேடுங்கள். டிஸ்கோன் (மேலே தட்டு, கீழே கூம்புபோல விரியும் கம்பிகள் கொண்ட அகலப்பட்டை ஆண்டெனா) என்றால் அதன் எல்லையை அறிய அளவு டேப் ஒன்றே போதும். கூம்புக் கம்பியின் நீளத்தை மீட்டரில் அளந்து, 75-ஐ அதால் வகுத்தால் சுமாரான கீழ் எல்லை மெகாஹெர்ட்ஸில் வந்துவிடும். 70 செ.மீ. கம்பிக்கு 107. அதற்குக் கீழே எஸ்டபிள்யூஆர் (பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் விகிதம்; 1 என்றால் முழுப் பொருத்தம்) கிடுகிடுவென ஏறும். உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி ஏதோ ஒரு குறுகிய பட்டையைக் கூடுதலாகச் சேர்க்கும், அவ்வளவுதான். கெயினும் (சிக்னலை ஒரு திசையில் குவிக்கும் திறன்) சாதா டைபோல் (இரு கைக் கம்பி ஆண்டெனா) அளவைத் தாண்டாது.

ஸ்கேனர்பித்து:
டிஸ்கோன் எல்லாவற்றையும் உள்ளே விடும், தொல்லையும் அதுதான். பக்கத்தில் எஃப்எம் நிலையம் இருந்தால் எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரிசீவர்) திணறி, இல்லாத சிக்னல்களைக் காட்டும். சந்தேகம் வந்தால் சிக்னலை 10 டெசிபெல் குறைக்கும் அட்டென்யுவேட்டரை இடையில் போடுங்கள். நிஜ சிக்னல் 10 குறையும், ரிசீவருக்குள் சிக்னல்கள் ஒன்றோடொன்று கலந்து (மூன்றாம் நிலைக் கலப்பு) பிறந்த போலி 30 குறையும். போலிதான் என்றால் 88–108 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம் தடுப்பு ஃபில்டர் வாங்கலாம். டிரான்ஸ்மிட் லைனில் மட்டும் அதை வைக்காதீர்கள், கருகிவிடும்.

டிரான்ஸ்மிட்டில் இன்னொரு சிக்கல்: 145 மெகாஹெர்ட்ஸின் மூன்றாம் ஹார்மோனிக் (மும்மடங்கு அலைவரிசையில் கூடவே கிளம்பும் வேண்டாத சிக்னல்) 435. குறுகிய ஆண்டெனாவிடம் கொஞ்சமாவது வடிகட்டலை எதிர்பார்க்கலாம். டிஸ்கோன் அப்படியே வீசிவிடும். மலிவான கைரேடியோவை இதில் மாட்டுமுன் லோ-பாஸ் ஃபில்டர் (மேல் அலைவரிசைகளைத் தடுப்பது) தேவை.

கோபுரவாசி:
145, 435-க்கு வெட்டிய இரட்டைப்பட்டை ஹாம் கொலினியரை (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செங்குத்து ஆண்டெனா) 160 மெகாஹெர்ட்ஸில் வணிக ரேடியோவுக்கு மாட்டுவதை அடிக்கடி பார்க்கிறோம். எஸ்டபிள்யூஆர் எகிறும், ரேடியோ தானே பவரைக் குறைத்துக்கொள்ளும், பழி ரேடியோ மேல் விழும். 136–174 முழுக்க வேண்டுமென்றால் தடித்த குழாயில் செய்த ஃபோல்டட் (மடித்த) டைபோல்தான் சரி. குழாய் தடித்தால் பட்டை அகலும். ஒரே திசையில் பேசினால் போதுமா? லாக் பீரியாடிக் (படிப்படியாக நீளம் குறையும் கம்பிகள் கொண்ட திசை ஆண்டெனா) வாங்குங்கள்; அகலமும் 7 டிபிஐ (எல்லாத் திசையிலும் சமமாக வீசும் கற்பனை ஆண்டெனாவோடு ஒப்பிட்ட டெசிபெல்) போலக் கெயினும் சேர்ந்தே கிடைக்கும். ஆண்டெனா ஒத்துழைக்கிறது என்பதற்காக வணிக அலைவரிசையில் ஹாம் உரிமத்தோடு பேசக் கூடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அலைநீளன்:
எச்எஃப் (3–30 மெகாஹெர்ட்ஸ்) பக்கம் டி2எஃப்டியைத் (நடுவில் ரெசிஸ்டர் வைத்த, சாய்த்துக் கட்டும் மடித்த டைபோல்) திட்டாத ஹாம் இல்லை. ரெசிஸ்டர் பவரைத் தின்கிறது என்பது உண்மைதான், கீழ்ப்பட்டைகளில் நிறையவே தின்னும். ஆனால் ட்யூனர் (ஆண்டெனாவைப் பொருத்திக் கொடுக்கும் பெட்டி) இல்லாமல் நொடிக்கு நொடி அலைவரிசை மாறும் வணிக, கடல்சார் நிலையங்களுக்கு அந்த இழப்பைவிட வேகம் முக்கியம். நாலைந்து ஹாம் பட்டைகள் மட்டும் போதும் என்பவர் விசிறி டைபோல் (பட்டைக்கு ஒரு ஜோடிக் கம்பி, எல்லாம் ஒரே இணைப்பில்) கட்டட்டும்.

டி2எஃப்டி கட்டுபவர்களுக்கு: மீட்டரில் மொத்த நீளம் 100-ஐ மிகக் குறைந்த மெகாஹெர்ட்ஸால் வகுத்தது, கம்பி இடைவெளி 3-ஐ அதே எண்ணால் வகுத்தது. 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு நீளம் 28.6 மீட்டர், இடைவெளி 86 செ.மீ. 9:1 பேலன் (கேபிளை ஆண்டெனாவோடு பொருத்தும் மின்மாற்றி) என்றால் ரெசிஸ்டர் 450 ஓமை ஒட்டி இருக்கட்டும். வயர்-வுண்ட் வேண்டாம், சுருளின் இண்டக்டன்ஸ் கெடுக்கும். 100 வாட் எஸ்எஸ்பிக்கு (குரல் பேச்சு முறை) 35 வாட்டாவது தாங்க வேண்டும், இடைவிடாது முழுப் பவர் போகும் எஃப்டி8-க்கு (டிஜிட்டல் முறை) இன்னும் கூடுதல். இடி மழைக்குப் பின் நடத்தை மாறினால் பேலனைக் கழற்றி, அது இணைந்திருந்த இரு கம்பி முனைகளுக்கிடையே மல்டிமீட்டர் வையுங்கள். 450 ஓமை ஒட்டிக் காட்டாவிட்டால் ரெசிஸ்டர் போய்விட்டது.

செம்புக்கம்பி:
@அலைநீளன் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் 'எஸ்டபிள்யூஆர் தட்டையாக இருக்கிறது' என்பதைத் தகுதியாகச் சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். எதையும் வீசாத டம்மி லோடும் (ஆண்டெனாவுக்குப் பதில் சோதனைக்கு மாட்டும் ரெசிஸ்டர்) 1:1 காட்டும்.

கேபிளும் பொய் சொல்லும். 30 மீட்டர் ஆர்ஜி-58 (மெல்லிய கோஆக்ஸ் கேபிள்), 150 மெகாஹெர்ட்ஸில் சுமார் 6 டெசிபெல் தின்னும். மேலே ஆண்டெனாவைக் கழற்றிவிட்டாலும் கீழே மீட்டர் 1.7 என்றுதான் காட்டும்! 450-இல் இழப்பு 11-ஐ நெருங்கும், மீட்டர் 1.2. அளப்பதானால் ஆண்டெனா அடியில் அளங்கள். அதே 30 மீட்டருக்கு எல்எம்ஆர்-400 (தடித்த, இழப்புக் குறைந்த கேபிள்) போட்டால் 450-இல் 2.7 டெசிபெல் சுற்றித்தான் போகும். 400 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் பிஎல்-259 கனெக்டர் வேண்டாம், 'N' டைப் கனெக்டர் போடுங்கள். இணைப்பின் மேல் தன்னொட்டு ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஓட்டு வரிசைபோல் நீர் வழிந்துவிடும்.