ஜாவாவிலிருந்து பாலி வரை தரைவழியாகத் தனிப்பயணம்: என் திட்டம் சரிவருமா?

கேட்டவர்: காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன்; வயது 34. மேகாலயத்துக்கும் அந்தமானுக்கும் தனியாகப் போய் வந்திருக்கிறேன். வெளிநாட்டுக்குத் தனியாகப் போவது இதுவே முதல் முறை. வரும் மே மாத விடுமுறையில் கோலாலம்பூர் வழியாக இந்தோனேசியாவின் ஜாவா தீவிலுள்ள யோக்யகர்த்தாவில் இறங்கி, அங்கிருந்து ரயிலிலும் பேருந்திலும் படகிலுமாகக் கிழக்கு நோக்கிப் போக வேண்டும் என்பது என் ஆசை.

கையில் இருப்பது 21 நாட்கள். யோக்யகர்த்தாவில் இரண்டு நாட்கள் தங்கி பொரொபுதூர் பௌத்தத் தூபியையும் பிரம்பானான் இந்துக் கோயிலையும் பார்ப்பது, புரோமோ எரிமலைக்கு ஒரு நாள், இஜென் எரிமலைக்கு ஒரு நாள், பாலியில் நான்கு நாட்கள், கிலி தீவுகளில் இரண்டு, லொம்போக்கின் ரிஞ்சானி மலையேற்றத்துக்கு மூன்று, கொமோடோவுக்கு மூன்று என்று பிரித்திருக்கிறேன். மிச்சமிருக்கும் ஐந்து நாட்கள் முழுக்கப் போக்குவரத்துக்கே போய்விடும்.

இந்தத் திட்டம் நடக்கக்கூடியதா? பாலியில் ஸ்கூட்டரை வாடகைக்கு எடுப்பது அவசியமா? நான் சுத்த சைவம். அங்கே சோற்றுக்கு என்ன வழி? இவற்றையெல்லாம் எப்படியாவது தெரிந்துகொள்ளலாம். ஆனால் வீட்டில் அம்மா கேட்கும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை: "போன இடத்தில் உடம்புக்கு முடியாமல் போனால் உன்னை யார் பார்ப்பார்கள்?" அனுபவம் உள்ளவர்கள், குறிப்பாகத் தனியாகப் போன பெண்கள், சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: உப்புக்காற்று

சகோதரிக்கு வணக்கம். இதே வழியில் இரண்டு முறை தனியாகப் போயிருக்கிறேன். முதல் முறை உங்களைப் போலவே ஏழு இடங்களை அடுக்கிக்கொண்டு போய், நான்காவது இடத்திலேயே படுத்துவிட்டேன். ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொமோடோவையும் ரிஞ்சானியையும் இந்தப் பயணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ரிஞ்சானி 3,726 மீட்டர் உயரம். வழிகாட்டியும் சுமைதூக்குபவரும் இருந்தாலும் உச்சிக்கு முந்தைய எரிமலைச் சரளையில் இரண்டு அடி வைத்தால் ஓர் அடி பின்னால் வழுக்கும். அதற்கென்று உடம்பைத் தயார் செய்துகொண்டு தனியாக ஒரு முறை போக வேண்டிய மலை அது. பத்து நாட்கள் அலைந்து களைத்த கால்களோடு ஏற வேண்டியதன்று.

நான் இப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இருவராகப் போகும்போது ஒருவர் களைத்தால் மற்றவர் விழித்திருப்பார், பையைப் பார்த்துக்கொள்வார், "இது சரியாகப் படவில்லையே" என்று ஒரு வார்த்தை சொல்வார். தனியாகப் போகிறவருக்கு அந்த இரண்டாவது ஆள் அவருடைய தூக்கம்தான். தூக்கம் கெட்டால் அவரும் போய்விடுவார்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். யோக்யகர்த்தாவிலிருந்து பகல் முழுவதும் பேருந்தில் வந்து, இரவு ஒன்பது மணிக்கு, புரோமோவுக்குப் போக இறங்க வேண்டிய ஊரான புரோபொலிங்கோவை நெருங்கியபோது, நடத்துநர் ஒரு சிறு பயண முகவர் கடையின் வாசலில் வண்டியை நிறுத்தி, "தெர்மினல், தெர்மினல்" என்று என்னை இறக்கிவிட்டார். உண்மையான பாயுவாங்கா பேருந்து நிலையம் அங்கிருந்து இன்னும் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதைக் கைப்பேசியின் வரைபடத்தில் ஒரு முறை பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவு களைப்பு. "இதற்குப் பிறகு மலைக்கு வண்டி கிடையாது" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, ஜீப், அறை, இஜென் எல்லாம் சேர்ந்த தொகுப்பு ஒன்றை இரண்டு மடங்கு விலைக்கு வாங்கினேன். அதற்குப் பணம் எடுக்கப் பக்கத்து ஏடிஎம்முக்குப் போய், ரூபியாத் தாள்களை எண்ணிக்கொண்டே வெளியே வந்துவிட்டேன். அங்கே பல இயந்திரங்களில் பணம் வந்த பிறகுதான் அட்டை வெளியே வரும். காலையில் பணப்பையைத் திறந்தபோதுதான் அட்டை இல்லை என்பது தெரிந்தது.

அந்தத் தொகுப்புகளின் அமைப்பே உறக்கத்தைத் திருடுவதாக இருக்கிறது. அதிகாலை மூன்று மணிக்கு ஜீப்பில் ஏற்றி புரோமோவின் சூரிய உதயத்தைக் காட்டுவார்கள். அன்று மதியமே இஜெனை நோக்கி ஆறேழு மணி நேரம் வண்டி ஓடும். அன்று நள்ளிரவே மறுபடி எழுப்பி மலையேறச் சொல்வார்கள். இரண்டு எரிமலைகளையும் அரைத்தூக்கத்தில் பார்த்துவிட்டு வந்தவள் நான்.

இரண்டாவது முறை, புரோபொலிங்கோவில் பகலில் இறங்கினேன். பேருந்து நிலையத்துக்கு வெளியே மலைக்குப் போகும் மினிபஸ் நிற்கும்; ஆள் நிரம்பினால்தான் புறப்படும். இரண்டரை மணி நேரம் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். செமோரோ லாவாங் என்ற மலைக்கிராமத்தில் இரண்டு இரவுகள் தங்கியபோதுதான் புரோமோ எனக்கு உண்மையில் கிடைத்தது. ஜீப்புகள் எல்லாம் இறங்கிப் போன காலை பத்து மணிக்கு, மணற்கடல் என்று அவர்கள் அழைக்கும் அந்தச் சாம்பல் வெளியை நடந்தே கடந்தேன். நடுவில் தெங்கர் மக்களின் கோயில் இருக்கிறது, அவர்கள் இந்துக்கள், கசாடா விழாவின்போது காய்கறிகளையும் கோழிகளையும் எரிமலை வாய்க்குள் காணிக்கையாக எறிபவர்கள். படிகளில் ஏறினால் வாயின் விளிம்பிலேயே ஒரு பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். கந்தகப் புகையில் கறுத்து, கழுத்தில் மஞ்சள் துணியோடு, கீழே உறுமிக்கொண்டிருக்கும் பள்ளத்தின் ஓரத்தில் அவரைப் பார்த்தபோது என்னையறியாமல் தலையில் குட்டிக்கொண்டேன். ஒன்று மறக்க வேண்டாம்: நிலநடுக்கோட்டுப் பக்கம்தானே என்று பருத்தி ஆடையோடு மட்டும் போகாதீர்கள். அந்தக் கிராமம் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானலைவிடக் குளிரும்.

புரோபொலிங்கோவிலிருந்து ஜாவாவின் கிழக்குக் கோடியான பன்யுவாங்கிக்கு ரயிலிலேயே போகலாம். கடைசி நிலையமான கெதாபாங்கிலிருந்து படகுத்துறை நடந்து போகும் தூரம்தான். பாலி நீரிணையைக் கடக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம். கடந்ததும் உங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். எனவே பிற்பகலில் படகு ஏறினால், கடிகாரக் கணக்கில் ஒரு மணி நேரம் போய்விடும். காலையில் ஏறுங்கள்.

பதில் 2: வெள்ளைச்சீருடை

நான் செவிலியர். உங்கள் அம்மாவின் கேள்விக்கு என்னால் முடிந்த பதிலைச் சொல்கிறேன். அவர் கேட்பது நியாயமான கேள்வி.

வயிற்றுப்போக்கு பெரும்பாலும் வரும். வந்தால் ஓஆர்எஸ் கரைசலோடு ஓரிரு நாட்களில் அடங்கும். அதற்கு யாரும் பார்த்துக்கொள்ளத் தேவையில்லை, அறையோடு ஒட்டிய கழிப்பறை இருந்தால் போதும். நான் அஞ்சுவது டெங்குவுக்குத்தான். அந்தக் கொசு பகலில் கடிப்பது. இரவில் வலை கட்டிப் படுத்தால் தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது. கடுங்காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் வந்தால் பாராசிட்டமால் மட்டும் போடுங்கள். ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் இரத்தக் கசிவை அதிகமாக்கும். முதல் சில நாட்களுக்குள் டெங்குவைக் கண்டறியும் என்எஸ்1 இரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் உடல்நிலை மோசமாகக்கூடும் என்பதால், "குறைந்துவிட்டது" என்று அடுத்த தீவுக்குக் கிளம்பிவிடாதீர்கள். தனியாகப் போகிறவர்கள் செய்யும் தவறு அதுதான். முன்பதிவு செய்த பணம் போய்விடுமே என்று எழுந்து நடப்பார்கள்.

அடுத்தது குரங்கு. பாலியின் உபுத்திலும் உலுவாத்துவிலும் மூக்குக்கண்ணாடியைப் பறிக்கும். பறித்தால் விட்டுவிடுங்கள், இழுக்காதீர்கள். பாலியில் 2008 முதல் வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது. நாயோ குரங்கோ கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். கிளம்பும் முன்பே இங்கே தடுப்பூசி போட்டுக்கொண்டால், கடிபட்ட பிறகு இரண்டு ஊசிகள் போதும். சிறு ஊர்களில் எளிதில் கிடைக்காத இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசியைத் தேடி அலைய வேண்டாம்.

ஸ்கூட்டர் அவசியம் இல்லை. பாலியில் நான் பார்த்த வெளிநாட்டவரில் பாதிப் பேருக்கு முழங்காலில் கட்டு இருந்தது. நம் ஊரில் பத்தாண்டு ஓட்டியவர் என்றாலும், உங்கள் உரிமத்திலும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியிலும் மோட்டார் சைக்கிள் வகை குறிக்கப்பட்டிருக்கவில்லை என்றால், விபத்து நடந்தபின் காப்பீடு கைவிரித்துவிடும். கோஜெக்கோ கிராப்போ செயலியில் அழைத்தால் ஆள் வந்து ஏற்றிக்கொண்டு போவார்.

காவிரிக்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. உப்புக்காற்று அக்கா சொன்ன நடத்துநர் கதையை அம்மாவிடம் படித்துக் காட்டவில்லை; செவிலியர் எழுதியதை மட்டும் படித்துக் காட்டினேன். தடுப்பூசியை முதலில் போடு என்று சொல்லிவிட்டார். இதை அனுமதி என்றே எடுத்துக்கொள்கிறேன். கொமோடோவையும் ரிஞ்சானியையும் எடுத்துவிட்டேன். ஆனால் இஜெனை விட மனமில்லை. நள்ளிரவில் ஒரு பெண் தனியாக அந்த மலையில் ஏறலாமா?

பதில் 3: உப்புக்காற்று

ஏறலாம். அந்த நேரத்தில் பாதையில் நூற்றுக்கணக்கானோர் இருப்பார்கள், தனிமைக்கு வாய்ப்பே இல்லை. ஏற்றம் தொடங்கும் பால்துதிங்கிலிருந்து எரிமலையின் விளிம்பு வரை மூன்று கிலோமீட்டர், நல்ல ஏற்றம். அபாயம் மனிதர்களிடம் இல்லை, காற்றில் இருக்கிறது. இஜெனில் இரவில் எல்லோரும் பார்க்கப் போகும் நீல நெருப்பு என்பது எரிமலைக் குழம்பு அன்று. பிளவுகளின் வழியே வெளிவரும் கந்தக வாயு காற்றில் பட்டு எரிவது. அதை அருகில் பார்க்கப் பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். காற்று திரும்பினால் புகை நேராக முகத்துக்கு வரும். ஈரத் துணி போதாது, வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். 2018 மார்ச்சில் நச்சு வாயு வெளியேறி, அடிவாரத்து மக்கள் பலரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. இறங்க வேண்டாம் என்று அறிவித்திருந்தால் வழிகாட்டி எவ்வளவு ஆசை காட்டினாலும் இறங்காதீர்கள். விடியலில் விளிம்பிலிருந்து பார்க்கும் அந்தப் பச்சைநீல அமில ஏரியே போதும்.

இறங்கினால் ஒன்று மட்டும். எழுபது, எண்பது கிலோ கந்தகக் கட்டிகளை இரண்டு மூங்கில் கூடைகளில் காவடியாகத் தூக்கிக்கொண்டு தொழிலாளர்கள் மேலே வருவார்கள். ஆள் தெரிவதற்கு முன்பே கூடை நெரியும் கிரீச் கிரீச் சத்தம் இருட்டில் கேட்கும். உடனே மலைப்பக்கமாக ஒதுங்கி நின்றுவிடுங்கள். அவர்கள் முகத்தில் விளக்கை அடித்துப் படம் எடுப்பவர்களைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது.

பதில் 4: ஈப்போக்காரன்

தங்கச்சிக்கு வணக்கம். மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சைவத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் தெராசி என்ற இறால் விழுது கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். காடோ காடோ என்ற காய்கறிக் கலவையின் கடலைச் சாற்றிலும் இருக்கலாம். "வெஜிடேரியன்" என்றால் இறைச்சி மட்டும் இல்லாமல் மீன் போட்டுத் தருவார்கள். "திடாக் பாக்காய் இக்கான், திடாக் பாக்காய் தெராசி" என்று சொல்லுங்கள்: மீன் வேண்டாம், இறால் விழுது வேண்டாம். தெம்பேயும் (புளிக்க வைத்த சோயாக் கட்டி) தஹுவும் (டோஃபு) சோறும் எந்த வாருங்கிலும் (சிறு சாப்பாட்டுக் கடை) கிடைக்கும்.

மொழிக்கு அஞ்ச வேண்டாம். கப்பலைக் காப்பால் என்றும், கடையைக் கெடாய் என்றும், பெட்டியைப் பெத்தி என்றும் சொல்வார்கள்; மாங்காய் மங்கா ஆகியிருக்கிறது. எல்லாம் நம் வணிகர்கள் விட்டுவிட்டு வந்த சொற்கள்.

வாருங்கில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் "செந்திரி?" என்று கேட்பார்கள். தனியாகவா என்று பொருள். அடுத்த கேள்வி திருமணம் ஆகிவிட்டதா என்பது. ஆகவில்லை என்றால் "திடாக்" என்று வெட்டிச் சொல்லாதீர்கள். "பெலும்" என்று சொல்லுங்கள், இன்னும் இல்லை என்று அர்த்தம். அதைக் கேட்டதும் சிரித்துவிட்டு, கூட ஒரு தெம்பே துண்டை வைத்துவிட்டுப் போவார்கள்.

இன்னொன்று. நம்மில் பலருக்குக் கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர்தான், குடும்பப் பெயர் இருக்காது. உலகத்தில் பல நாடுகளில் இதனால் தொல்லை. இந்தோனேசியர்கள் பலருக்கும் ஒற்றைப் பெயர்தான், சுகர்ணோவும் சுகார்த்தோவும் அப்படித்தான் இருந்தார்கள், அதனால் அங்கே யாரும் புருவத்தை உயர்த்த மாட்டார்கள். விமானச் சீட்டு எடுக்கும்போது மட்டும் அந்தக் கட்டத்தை எப்படி நிரப்புவது என்று விமான நிறுவனத்திடமே கேட்டுவிடுங்கள். ரயில் சீட்டில் கடவுச்சீட்டு எண் ஓர் இலக்கம் மாறினாலும் நுழைவாயிலில் நிறுத்துவார்கள், இரண்டு முறை சரிபாருங்கள். கோலாலம்பூரில் விமானம் மாற நேரம் இருந்தால் எழுதுங்கள். எங்கே இட்லி நன்றாக இருக்கும் என்று சொல்கிறேன்.