டிரைவுக்கு உள்ளீட்டு சோக்: எத்தனை சதவீதம் போதும்?

கேள்வி (ஆத்தூர்):
சேகோ ஆலை ஒன்றில் மின் பராமரிப்பைக் கவனித்து வருகிறேன். கிழங்கு அரைக்கும் மோட்டாரை இயக்கும் 15 கிலோவாட் டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி), ஓவர்வோல்டேஜ் (மிகை மின்னழுத்தம்) என்று காட்டி அடிக்கடி நின்றுவிடுகிறது. பவர் ஃபேக்டர் பேனலில் கெப்பாசிட்டர் இணையும் நொடியில்தான் அப்படி நிற்கிறது. ஒருமுறை, டிரைவுக்குள் ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையரே பழுதானது. ஆலைக்கென்று 250 கேவிஏ மின்மாற்றி உள்ளது. உள்ளீட்டில் சோக் (கம்பிச் சுருள்) போட்டால் தீருமா? 3 சதவீதமா, 5 சதவீதமா?

பதில் (சேலம்):
ஐயா, பழுது நேரும் நொடியைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். வெறுமையான கெப்பாசிட்டர் லைனில் சேரும்போது மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்து, உடனே இயல்பைத் தாண்டி எகிறி அதிரும். 415 வோல்ட் மின்சாரம் டிரைவுக்குள் டிசியாக மாற்றப்பட்டு, அதன் டிசி பஸ்ஸில் (உள்ளே டிசி மின்சாரம் நிற்கும் பகுதி) ஏறத்தாழ 587 வோல்ட்டாக நிற்கிறது. அந்த அதிர்வின் உச்சம் டயோடுகள் வழியே புகுந்து பஸ்ஸை 800 வோல்ட்டை ஒட்டி ஏற்றிவிட்டால், டிரைவ் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். மின்னோட்டத்தின் திடீர் ஏற்றத்தை சோக் எதிர்ப்பதால், அந்த உச்சம் பஸ்ஸை எட்டுவதற்குள் தணிகிறது; ரெக்டிஃபையரும் பிழைக்கிறது.

உங்கள் மின்மாற்றி டிரைவின் திறனைப் போல் 10 மடங்குக்கு மேல் பெரியது என்பதாலும் சோக் அவசியம். 3 சதவீதமே போதும் என்பது என் கருத்து; முழு மின்னோட்டத்தில் சோக்கில் இறங்கும் மின்னழுத்தம், ஒரு ஃபேஸ் மின்னழுத்தத்தில் எத்தனை சதவீதம் என்பதே இந்தக் கணக்கு. 30 ஆம்பியருக்குக் கணக்கிட்டால், 240 வோல்ட்டில் 3 சதவீதம் 7.2 வோல்ட், அதாவது 0.24 ஓம், 50 ஹெர்ட்ஸில் சுமார் 0.76 மில்லிஹென்றி. மாலையில் மின்னழுத்தம் தாழும் லைன் என்றால், 5 சதவீதம் பஸ்ஸை மேலும் இறக்கிவிடும்.

பதில் (இளம்பிள்ளை):
கெப்பாசிட்டர் பேனலையும் பாருங்கள். டிரைவ் உண்டாக்கும் 250, 350 ஹெர்ட்ஸ் ஹார்மோனிக்ஸ் (50 ஹெர்ட்ஸின் மடங்கான அலைகள்) அந்தக் கெப்பாசிட்டர்களைச் சூடாக்கும். அவற்றோடு தொடராக 7 சதவீத சோக் இணைத்தால் ஒத்ததிர்வு அந்த ஹார்மோனிக்ஸுக்குக் கீழே, 189 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையே மட்டும் கெப்பாசிட்டர் எதுவும் இருக்கக்கூடாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. 3 சதவீத சோக்கையே வாங்குகிறேன். பேனலில் இடமில்லை; வெளியே தனிப் பெட்டியில் வைக்கலாமா?

பதில் (சேலம்):
வைக்கலாம், ஆனால் டிரைவுக்கு அருகிலேயே இருக்கட்டும். சோக் நன்றாகச் சூடாகும் பொருள்; மேலும் கீழும் காற்று போக வழி விடுங்கள், மாவுத் தூசியும் ஈரமும் படியாத சுவராகத் தேர்ந்தெடுங்கள்.