மும்பை: தெருவிளக்குப் புகாரை யாரிடம் கொடுப்பது?

எங்கள் சந்து முனையில் விளக்கு எரிவதில்லை. அதனடியில் சிமெண்ட் பெஞ்சு உடைந்து, கம்பி முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. விடியுமுன் பெண்கள் குடத்தோடு அந்த வழியாகத்தான் போகிறார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் புடவை மாட்டிக் கிழிந்தது, காலாக இருந்திருந்தால்? புகார் சொன்னால் ‘எங்கள் வேலை இல்லை’ என்கிறார்கள். வயிறு எரிகிறது.

பதில்: இரண்டையும் தனித்தனியாகக் கொடுங்கள், அம்மா. பெஞ்சுக்கு மாநகராட்சியின் புகார் தொலைபேசி எண் 1916. விளக்குக்கு உங்கள் பகுதியின் மின் நிறுவனம்: கொலாபா முதல் சயான், மாஹிம் வரை பெஸ்ட். புறநகரில் பெரும்பாலும் அதானி. முலுண்டு, பாண்டூப் பக்கம் மாநில அரசின் மகாவிதரண்.

பதில்: கம்பத்தில் எழுதியுள்ள எண்ணைச் சொல்லுங்கள். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

கேட்டவர்: கம்பத்தில் எண் பாதி அழிந்திருக்கிறது; அடுத்த கம்பத்தின் எண்ணையும் சேர்த்துத் தருகிறேன். கம்பியில் இப்போதைக்குச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன்.